ஏழாம் அட்டவணையின் கடைசி வரி

9-5-1994

அஞ்சல்வழிப் படிப்பின் தொடர்பு வகுப்பு தொடங்கிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முட்டி இடிக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. எம்.எட். படிக்கிறவர்களுக்கும் இதுவே போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் பாடம் நடத்துகிறவர் தலைக்கு மேல். கோயமுத்தூர் மே மாத வெயிலில் எண்பது ஆசிரியர்கள் நோட்டால் விசிறிக்கொண்டு 'கற்பவரை மையமாகக் கொண்ட கல்வி' கேட்டோம். இரண்டு மணி நேரத்தில் அவர் கற்பவர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பழுப்பேறின நோட்டைப் பார்த்தே படித்து முடித்தார்.

வகுப்பில் பேசினால் வெளியே நிறுத்துகிறவர்கள் எல்லாம் ஓயாமல் பேசினார்கள். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் திருமலைசாமி, வராத மூன்று பேருக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னார். மூவரில் ஒருவர் பெண். அவருக்காகக் குரலை மெலிதாக்கிக்கொண்டார். உழைப்புக்கு அஞ்சாத மனிதர்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் தாளாளர் லட்சுமணசாமி ஐயா. திருப்பூரில் ஏதோ ஒரு பள்ளிப் பலகையில் தலைமையாசிரியர் பேருக்குப் பின்னால் எம்.எட். என்று பார்த்துவிட்டாராம். நம் பலகையில் அது இல்லையே என்று ஏக்கம். கமிட்டியில் தீர்மானமே போட்டாயிற்று: அடுத்த தலைமையாசிரியர் எம்.எட். முடித்திருக்க வேண்டும். இப்போதைய தலைமையாசிரியர் பொங்கியண்ணன் சார் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். பணி மூப்பில் அடுத்தது நான். எனக்கு அடுத்தது திருமலைசாமி. இருவருக்கும் இந்த மாதம் எழுத்துத் தேர்வு, ஜனவரியில் ஆய்வேடு.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்யத்தான் என்றெல்லாம் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நோட்டில் எதற்குப் பொய்? வேண்டும், அவ்வளவுதான்.

14-5-1994

இன்று 'ஊக்குவித்தல்'. பாதிப் பேர் தூங்கினோம். நடத்தியவரும் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

28-5-1994

கடைசித் தேர்வு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஏதோ ஊரில் தலைமையாசிரியை. கொண்டை, கண்ணாடி, மரியாதையான முகம். 'தேர்வுமுறைச் சீர்திருத்தங்கள்' கேள்விக்கு முந்தானைக்குள்ளிருந்து விடையை எடுத்தார். மூன்று பக்கம், அழகான கையெழுத்து. மேற்பார்வையாளர் சன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஆசிரியர்தானே, நாளைக்கு அவரும் எழுத வேண்டியவர்தானே.

நான் பார்த்து எழுதவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. பிடிபட்டால் ஊரில் என்னைப் பற்றி என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவளே நான்.

21-6-1994

பள்ளி திறந்து இரண்டாம் வாரம். ஒன்பதாம் வகுப்பு மோகனப்பிரியா கரும்பலகையில் ஒரு கழித்தல் போட்டாள். கொடுத்த எண்ணைவிட விடை பெரிதாக வந்தது. "கழிக்கக் கழிக்கப் பெருகுதே கண்ணு! இந்த வித்தைய உங்கப்பனுக்குச் சொல்லிக் குடு. நூல் யாவாரத்துல போட்டாருன்னா அடுத்த வருசம் மில்லே வாங்கிப்போடலாம்" என்றேன். வகுப்பு அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். இன்று நல்லதாய் ஒன்று சொன்ன நாள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கினதில்லை. நான் பிரம்பைத் தொட்டதும் இல்லை. 'இருபது வருசத்துல ஒரு குழந்தைய அடிக்காத டீச்சர்' என்று தாளாளரே ஆண்டு விழா மேடையில் சொன்னார். வாய் இருக்கும்போது பிரம்பு எதற்கு?

10-7-1994

ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாகக் கிருபாசங்கர் என்பவரைப் போட்டிருக்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். இன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன். தலைப்பு முடிவானது: சோமனூர் வட்டார விசைத்தறி ஊர்களில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிற்பதற்கான காரணங்கள். நின்றுபோன அறுபது பெண்களிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். பேர் எழுத வேண்டியதில்லை. வறுமை, தறி வேலை, வயதுக்கு வந்தது, தூரம் என்று காரணங்கள் வரிசையாக இருக்கும், ஒன்றை வட்டமிட வேண்டும். கடைசியில் 'பிற' என்று ஒன்று வைக்கச் சொன்னார். "சும்மா ஒரு முறைக்குங்க மேடம், அதுல யாரும் எழுத மாட்டாங்க."

திரும்பும்போது காந்திபுரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் விசாரித்தேன். "தலைப்பை மட்டும் சொல்லுங்க மேடம், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார் முதலாளி. ஆய்வே அவர்களே செய்துவிடுவார்களாம். திருமலைசாமிக்கு ஏற்கெனவே ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. நீலகிரி மலைவாழ் மாணவர்களின் கற்றல் சிக்கல்கள். மனிதர் மேட்டுப்பாளையம் தாண்டினதே இல்லை.

14-8-1994

மூன்று ஞாயிறாக ஊர் ஊராக நடந்து இருபது பேரைப் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். காபி வருகிறது. பெண் தலைகுனிந்து நிற்கிறாள். ஏன் கண்ணு நின்னுபோட்டே என்று கேட்டால், "ஊட்டுல கஷ்டமுங்க டீச்சர்." இருபது பேரும் இதையே சொன்னார்கள்.

இன்று கடைசியாகப் பார்த்தது ராசாத்தாளை. எங்கள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். இப்போது ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. நான் போன நேரத்தில் முதலாளி ஏதோ கேட்க, ஆறு தறியிலும் இந்த வாரம் எத்தனை மீட்டர் ஓடியது என்று காகிதமில்லாமல் கூட்டிச் சொன்னாள். இந்தக் கூட்டலைப் பள்ளிக்கூடத்தில் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ. எனக்குக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லி, மூடியைத் திறந்து கையில் கொடுத்தாள். "ஊட்டுல கஷ்டமுங்க டீச்சர்." சிரித்தபடியேதான் சொன்னாள்.

வறுமைக்கு நேராக இருபது. கணக்கு சுத்தமாக வருகிறது.

11-9-1994

கிருபாசங்கர் படிவங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இருபதுக்கு இருபதா? எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நம்ப மாட்டாருங்க மேடம். நீங்க போய்க் கேட்டீங்கல்ல, உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுவாங்க? வேற யாரையாவது அனுப்புங்க."

எங்கள் ஊர் மரியாதை ஊரறிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மனம் நோகுமென்றால் கடவுளே கேட்டாலும் உண்மை வராது. இது எனக்குத் தெரியாதா? ஏனோ அது வேறு யாருக்கோ நடப்பது என்று இருந்துவிட்டேன். என்னிடம் சொல்ல முடியாதபடி அவர்களுக்கு என்ன இருக்கப் போகிறது?

தையல் டீச்சர் குழந்தையம்மாளிடம் படிவங்களைக் கொடுத்துவிட்டேன். ரவிக்கை அளவு எடுக்கிற சாக்கில் அவள் நுழையாத வீடு இல்லை, அவளிடம் வாய் திறக்காத பெண் இல்லை. அந்த இருபது பேரோடு புதிதாக நாற்பது பேர்.

16-10-1994

இன்று முழுக்க அட்டவணை போட்டேன்.

வறுமை 24. தறி வேலை 13. வயதுக்கு வந்தது 9. தூரம் 5. பிற 9.

யாரும் எழுத மாட்டார்கள் என்ற 'பிற'. ஒன்பது பேரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். டீச்சர் பேச்சு. டீச்சர் கேலி. எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. அதில் எங்கள் பள்ளிப் பெண்களின் நாலு படிவத்தில் 'கணக்கு டீச்சர்' என்று இருக்கிறது.

எங்கள் பள்ளியில் கணக்குக்கு ஒரே ஒரு டீச்சர்தான்.

ஒரு படிவத்தில் கையெழுத்து நன்றாக இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறாள்: 'தறிக்கூடத்துல இருந்து நேரா பள்ளிக்கூடம் வருவேன். தலைல பஞ்சு ஒட்டியிருக்கும். தலைல இருக்கற பஞ்சு உள்ளயும் இருக்குதான்னு கணக்கு டீச்சர் கேட்டாங்க. அப்புறம் எல்லாரும் என்னைய பஞ்சுன்னு கூப்பிட்டாங்க. அதான் போகலை.'

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். நினைவே இல்லையே! யார் என்று குழந்தையம்மாளைக் கேட்டேன். "பேரு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணித்தானுங்க்கா வாங்கியாந்தேன். கேக்காதீங்க." என் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

17-10-1994

ஒன்பதாம் வகுப்பில் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், நம்ம பள்ளிக்கூடத்துல பஞ்சுன்னு ஒரு பொண்ணு இருந்துச்சா? ஐந்தாறு கை எழும்பின. "பஞ்சுக்காங்களா? ராசாத்தாளுங்க டீச்சர்!" எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பேர் வைத்தவளுக்குத்தான் தெரியவில்லை.

கலர் மூடியைத் திறந்து கையில் கொடுத்தாளே.

19-10-1994

பீரோவுக்கு மேலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். நூல் கடைக்காரர் வருடா வருடம் என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பது, இவர் தொடுவதில்லை, நான் எழுதுவேன். 1992. பக்கம் பக்கமாகத் தேடினேன். இருக்கக் கூடாது இருக்கக் கூடாது என்றுதான் தேடினேன்.

12-11-1992. 'எட்டாம் வகுப்பு. தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்ற ஒருத்தியைக் கேட்டேன், தலையில் இருக்கிற பஞ்சு உள்ளேயும் இருக்கிறதா என்று. வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்று நல்லதாய் ஒன்று சொன்ன நாள்.'

ஒருத்தி. பேர்கூட எழுதவில்லை. நாலு பக்கம் தள்ளி இன்னொன்று: 'எட்டாம் வகுப்பில் ஒரு பேர் நீக்கினேன். வழக்கம் போல் தறி.'

வருகைப் பதிவேட்டில் நானேதான் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். வழக்கம் போலாம், வழக்கம்! என்னமோ எல்லாம் தெரிஞ்சவளாட்டம் எழுதி வெச்சிருக்கறதப் பாரு. அடிக்காத டீச்சர். மேடையில மாலை வேற போட்டாங்களே, கழுத்த நீட்டிக்கிட்டு நின்னேனே — எனக்கு என்னைப் பிடிக்கவில்லை இன்று.

20-11-1994

கிருபாசங்கரிடம் அட்டவணையைக் காட்டினேன். 'பிற' வரிசையில் பேனாவை வைத்துத் தட்டினார். "இத எடுத்துருங்க மேடம். ஒன்பதையும் வறுமையில சேத்துப்போட்டா முப்பத்தி மூணு. பாக்க நல்லா இருக்கும்." இதனால் ஒரு ஆசிரியருக்குக் கெட்ட பேர், படிக்கிறவருக்கும் சங்கடம் என்றார். அந்த ஆசிரியர் யார் என்று அவர் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. சரிங்க சார் என்று எழுந்து வந்தேன். பஸ் முழுக்க அந்த முப்பத்து மூன்றை நினைத்து ஒரு நிம்மதி. ஆமாம், நிம்மதிதான்.

8-1-1995

கமிட்டியிடமிருந்து சுற்றறிக்கை. எம்.எட். முடிப்பவர்கள் ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் பைண்டு செய்து பள்ளி அலுவலகத்தில் வைக்க வேண்டும். பார்வையாளர்கள் வந்தால் காட்டுவதற்காம். தாளாளருக்கு ஒரு கண்ணாடி அலமாரி வேறு வாங்கும் எண்ணம்.

அந்த வரிசை இருந்தால் ஊரே படிக்கும். இல்லாவிட்டால் நான் தலைமையாசிரியை. இவ்வளவு சுலபமான கணக்கை எந்தப் பரீட்சையிலும் நான் கொடுத்ததில்லை.

இவரிடம் சொன்னேன். தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். "ஏனம்மணி, நம்ம தறில ஒரு இழை அறுந்தா என்ன பண்றோம்? நிறுத்தி முடிச்சுப் போடறோம். அப்படியே ஓட்டினா துணி பூராவும் கோடு விழுகும். உனக்கெதுக்கு நான் சொல்லோணும்?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஹெட்மாஸ்டர் ஊட்டுக்காரர்னு சொன்னா பேங்குல மருவாதி கெடைக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரே வாயில் இரண்டு பக்கமும் பேசுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

29-1-1995

தட்டச்சு நிலையத்துப் பெண் கூப்பிட்டாள். "மேடம், ஏழாம் அட்டவணைக்குக் கீழ அடிக்குறிப்புல தப்பு இருக்குதுங்க."

"படி கண்ணு."

"'கடைசி வரியில் உள்ள ஒன்பதில் நான்கு படிவங்கள் குறிப்பிடும் ஆசிரியை இந்த ஆய்வாளரே.' ஆய்வாளரேன்னு வந்துருச்சுங்க."

"தப்பில்ல, அப்படியே அடி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அடித்தாள். வீரம் என்று யாராவது எழுதினால் நம்பக் கூடாது. பயம்தான் இருந்தது.

31-1-1995

கிருபாசங்கர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அடிக்குறிப்பைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "நீங்க மேல வரணும்னு நெனைக்கறீங்களா இல்லீங்களா மேடம்?" நெனைக்கறேனுங்க சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போட்டார். மாலை ஐந்து மணிக்குத்தான் கடைசி நேரம். அவருக்கும் வேறு வழியில்லை.

12-2-1995

ராசாத்தாளைப் பார்க்கப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கலர் வந்தது. நான் பேச ஆரம்பித்தேன். பஞ்சு, எட்டாம் வகுப்பு, நான் கேட்டது. தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் அப்பவே மறந்துட்டனுங்க டீச்சர். நான் ஊட்டுக் கஷ்டத்துலதானுங்க நின்னேன்." சிரித்தாள். "கலர் குடிங்க டீச்சர், சூடாயிரும்."

அதே மரியாதை. முகத்துக்கு நேரே வருகிற பதில் எது, படிவத்தில் வருகிற பதில் எது என்று ஆய்வு செய்தவளே நான்தானே. மன்னித்துவிட்டாளா இல்லையா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. கலரைக் குடித்தேன். கிளம்பும்போது, தலையில் கட்டியிருந்த துண்டை அவள் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

18-3-1995

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பெரியவர் நேராக ஏழாம் அட்டவணையைத் திறந்தார். "இது நீங்களா?"

"நான்தானுங்க."

"இதற்கு என்ன பரிந்துரை எழுதியிருக்கிறீர்கள்? மற்ற எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறீர்கள். உதவித்தொகை, பஸ் வசதி. இதற்கு மட்டும் ஒன்றும் காணோமே?"

"தெரியலீங்க ஐயா. தெரிஞ்சா எழுதியிருப்பேன்."

அவர் பேனாவை மூடினார். போய் வாருங்கள் என்றார். எனக்கு அடுத்து திருமலைசாமி. ஐந்து நிமிடத்தில் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். ஊட்டியில் குளிர் எப்படி என்று கேட்டாராம்.

30-4-1995

முடிவு வந்துவிட்டது. தேர்ச்சி. இரண்டாம் வகுப்பு. திருமலைசாமிக்கு முதல் வகுப்பு. நீலகிரிக் குழந்தைகள் அவரைக் கைவிடவில்லை.

28-5-1995

கமிட்டிக் கூட்டம். என் ஆய்வேடு மேசைமேல் இருந்தது. யாரோ அக்கறையாக ஏழாம் அட்டவணைப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை, பக்கத்து நாற்காலியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

தாளாளருக்கு நிஜமாகவே வருத்தம். "ஏனுங்க அம்மணி, வேற யாராவது உங்களப் பத்திச் சொல்லியிருந்தா நாங்க நம்பியிருக்கவே மாட்டோம். நீங்களே அச்சடிச்சுக் குடுத்துப்போட்டீங்களே, நாங்க என்ன பண்றது சொல்லுங்க?"

தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இருபது வருசம் வாயால பொழைச்ச தவளை கடைசீல எழுதிக் கெட்டுது. சரிதானுங்க ஐயா என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன், அது பொய்யில்லை. அழக் கூடாதா?

12-6-1995

பலகை எழுதுகிறவர் ஏணி போட்டு ஏறி 'திருமலைசாமி, எம்.எட்.' என்று எழுதிக்கொண்டிருந்தார். எம்.எட். மட்டும் சிவப்பில். குழந்தையம்மாள் பக்கத்தில் வந்து நின்று, "நம்மளுக்கும் அது இருக்குதுங்க்கா" என்றாள். இருக்கிறது. வீட்டில், டிரங்குப் பெட்டியில், பாச்சா உருண்டை போட்டு.

22-6-1995

பத்தாம் வகுப்பு. அந்தக் கழித்தல் கணக்குக்குப் பிறகு ஒரு வருடமாக மோகனப்பிரியா கரும்பலகைக்கு எழுந்து வருவதில்லை என்பதை இந்த வாரம்தான் கவனித்தேன். ஒன்பதாவதில் முதல் பெஞ்சில் இருந்தவள் இப்போது கடைசி பெஞ்சில், சுவரோடு ஒட்டி. இன்று கூப்பிட்டேன். வந்தாள். வட்டத்தின் பரப்பு. ஐந்து சென்டிமீட்டர் ஆரம் உள்ள தட்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் சதுர சென்டிமீட்டர் வந்தது.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பினாள். கணக்கைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. முன்பெஞ்சு ஒன்று சிரிக்கத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டது.

எனக்கு வந்துவிட்டது. நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அந்தத் தட்டைப் பற்றி, அதில் சாப்பிட வருகிறவர்களைப் பற்றி, அவள் கல்யாணப் பந்தியைப் பற்றி, எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம். இருபத்தொரு வருடத்தில் அப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. ஐந்து நிமிடம் இல்லை, பத்து நிமிடம் அடங்கியிருக்காது வகுப்பு.

"மூணாவது வரியில புள்ளிய உட்டுட்டே கண்ணு. மறுக்காப் போடு" என்றேன்.

அவள் போட்டாள். சரியாக வந்தது. சாக்பீசை வைத்துவிட்டுப் போகும்போது கடைசி பெஞ்சுக்குப் போகாமல் நடுவில் எங்கோ உட்கார்ந்தாள்.

இன்று நல்லதாய் ஒன்று தோன்றிய நாள். வீணாய்ப் போயிற்று. இங்கேயும் எழுதப்போவதில்லை.